ஸ்கேன் இலவசம், நீக்கினால் காசு: இந்த மென்பொருளை நம்பலாமா?

பணம் கட்டாதீர்கள். பாப்-அப் சொல்லி இறக்கிய மென்பொருள், இரண்டே நிமிடத்தில் 1,342 வைரஸ் என்று சிவப்பில் காட்டி, நீக்க மட்டும் காசு கேட்கிறது என்கிறீர்கள். பயமுறுத்திப் பணம் பறிக்கும் போலி ஆன்டிவைரஸ்கள் இப்படித்தான் செய்யும். அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் இணையதளங்கள் விட்டுச்செல்லும் சிறு கோப்புகளான குக்கிகளும் தற்காலிகக் கோப்புகளும்தான் இருக்கும், அவை வைரஸ் அல்ல. கோப்பின் பெயரையும் இடத்தையும் காட்டவே மறுத்தால் சந்தேகமே வேண்டாம்.

ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருப்பீர்கள், அநேகமாக பாப்-அப் அங்கிருந்துதான் வருகிறது. பிரவுசர் செட்டிங்ஸில் அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் அந்த மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, விண்டோஸ் 10, 11-இல் கூடவே வரும் ஆன்டிவைரஸான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக ஏறுவதற்கு முன்பே தேடும். கால் மணி நேரம் போல ஆகும். திறந்திருக்கும் வேலையை முதலில் சேமித்துக்கொள்ளுங்கள்.

வேறு மென்பொருள்தான் வேண்டுமென்றால், ஆன்டிவைரஸ்களைச் சோதித்துப் பார்க்கும் ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய அமைப்புகளின் சோதனை முடிவுகளில் அதன் பெயர் இருக்கிறதா பாருங்கள். இன்ஸ்டாலரின் ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பமும் தெரியும். ஆனால் அது யார் வெளியிட்டது என்று மட்டுமே சொல்லும், நல்லதா என்று சொல்லாது.

ஏற்கெனவே கார்டு எண் கொடுத்திருந்தால், இதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்குங்கள்.