பெர்லின் சுவர்த் துண்டுகளில் இருக்கும் ஓவியங்கள் அசல்தானா?

கேள்வி இது: ஒரே நகரத்தைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து நின்ற பெர்லின் சுவரின் துண்டுகளை ஊர் ஊராகக் கலைப்பொருள் போல நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அவற்றில் இருக்கும் ஓவியங்கள் சுவர் நின்ற காலத்திலேயே வரைந்தவையா?

கான்கிரீட் அசல்தான். ஓவியம் எப்போது ஏறியது என்பதைத் துண்டுக்குத் துண்டு விசாரிக்க வேண்டும்.

வேலைக்காக பெர்லினில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கேட்பது ஈஸ்ட் சைடு கேலரியைத்தான். ஸ்ப்ரே ஆற்றங்கரையில் 1.3 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் அப்படியே நிற்கிறது. சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் ஹோனெக்கரும் முத்தமிடும் ஓவியத்தின் முன்னால் செல்ஃபி எடுக்கக் கூட்டம் அலைமோதும். ஆனால் அந்த ஓவியங்கள் எல்லாமே 1990இல், சுவர் திறந்த பிறகு, 21 நாடுகளின் 118 ஓவியர்கள் வரைந்தவை. அதற்கு முன் அந்தக் கிழக்குப் பக்கத்தில் யாரும் தூரிகையோடு நெருங்கியிருக்க முடியாது. 2009இல் பழுதுபார்த்தபோது பெரும்பாலானவற்றை அவற்றை வரைந்தவர்களே மறுபடி வரைந்தார்கள். ஆக, இன்று நீங்கள் பார்க்கும் முத்தம், அதை வரைந்த ஓவியர் விரூபெல் இரண்டாம் முறை வரைந்தது.

சுவர் காலத்து ஓவியங்கள் இருந்தது மேற்குப் பக்கத்தில். அங்கும் சுவர் கிழக்கு ஜெர்மனியின் மண்ணில், எல்லைக்கோட்டுக்குச் சற்று உள்ளே தள்ளித்தான் நின்றது. வரைய வந்தவர் நின்ற இடமே கிழக்கின் நிலம்; சுவரில் இருந்த சிறு கதவு வழியாகக் காவலர்கள் வந்து பிடிக்கலாம். 1984இல் வரையத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் தியரி நுவார், இரண்டு மூன்று நிறங்களில் பெரிய உதட்டோடு எளிய தலைகளாகப் போட்டுத் தள்ளியது அதனால்தான். சட்டென்று முடித்துவிட்டு நகர வேண்டுமே!

சுவர் விழுந்ததும் அந்தத் துண்டுகளுக்கு நல்ல விலை. ஒரு துண்டு 3.6 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம், இரண்டரை டன்னுக்கு மேல் எடை. அடிப்பாகம் 'எல்' வடிவில் இருப்பதால் கிரேனில் தூக்கி எங்கே வைத்தாலும் தானாக நிற்கும்; பரிசளிக்க வசதி. 1990 ஜூனில் மான்டே கார்லோவில் ஏலமே விட்டார்கள். நுவாரும் சுவரில் வரைந்த இன்னொரு ஓவியர் கிட்டி சிட்னியும் "எங்கள் ஓவியத்தை விற்ற காசில் எங்களுக்குப் பங்கில்லையா?" என்று வழக்குப் போட, 1995இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் பங்கு உண்டு என்றது. அனுமதியில்லாமல் வரைந்ததுதான், இருந்தாலும் கலை கலைதான். எனக்குப் பிடித்த தீர்ப்பு.

வைத்த இடங்களில் கூத்தும் உண்டு. லாஸ் வேகஸில் ஒரு சூதாட்ட விடுதியில், ஆண்கள் கழிப்பறையில் சிறுநீர்த் தொட்டிகளை ஒரு துண்டின் மேல் பொருத்தியிருக்கிறார்கள். இதற்கு நேர் எதிர் மிசௌரி மாநிலத்தின் ஃபுல்டன். ஐரோப்பாவைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த எல்லையை 'இரும்புத்திரை' என்று சர்ச்சில் 1946இல் பேசிய அதே கல்லூரியில், அவருடைய பேத்தி எட்வினா சாண்டிஸ் எட்டுத் துண்டுகளை வரிசையாக நிறுத்தி, ஆண், பெண் உருவங்களை வெட்டி எடுத்துவிட்டார். அந்த ஓட்டைகள் வழியாக நாம் நடந்து போகலாம். சுவரை வைத்துச் செய்த கலை என்றால் அதுதான் என்பேன். மற்ற பல ஊர்களில் சும்மா நட்டு வைத்து ஒரு பலகை மாட்டியதோடு சரி.

ஓவியமே வேண்டாம், சுவரைப் பார்க்க வேண்டும் என்றால் பெர்லினில் நீடர்கிர்ஷ்னர் தெருவுக்குப் போங்கள். சுமார் 200 மீட்டர். 1989இல் சுத்தியலும் உளியுமாக வந்தவர்கள் கொத்தியதில் பல இடங்களில் மறுபக்கம் தெரிகிறது. துருப்பிடித்த கம்பிகள் வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது அதைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள், மக்களிடமிருந்து சுவரைக் காப்பாற்ற!

அப்புறம், கடைகளில் பிளாஸ்டிக் பெட்டியில் விற்கும் கலர் கலரான சில்லுகளை வாங்குவது உங்கள் இஷ்டம். வண்ணம் பளிச்சென்று இருக்கிறதே என்பதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.