ஹாங்க் ஆரனின் 715

கேள்வி: பேஸ்பாலில் மறக்க முடியாத தருணம் எது என்று கேட்டால், 1974-இல் ஹாங்க் ஆரன் பேப் ரூத்தின் ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடித்து எல்லாத் தளங்களையும் சுற்றி வருவது) சாதனையைத் தாண்டியதைத்தான் பலரும் சொல்கிறார்கள். ரூத்தைவிட ஆரன் ஆயிரக்கணக்கான முறை கூடுதலாக மட்டை பிடித்தவர். இத்தனை வருஷம் ஆடினால் யார்தான் அடிக்க மாட்டார்கள்?

பதில்: ரூத் 714 ஹோம் ரன்களோடு 1935-இல் ஓய்வு பெற்றார். அடுத்த 39 வருஷம் ஒருவராலும் அந்த எண்ணை எட்ட முடியவில்லை. இன்னொரு நட்சத்திரமான வில்லி மேஸ் 22 சீசன் ஆடினார், 660-இல் நின்றுவிட்டார். வருஷங்கள் மட்டும் போதாது.

நீங்கள் போட்ட கணக்கில் பிழை இல்லை. 715-ஐத் தொட்டபோது ஆரன் ரூத்தைவிட ஏறக்குறைய 3,000 முறை அதிகம் மட்டை பிடித்திருந்தார். ரூத் தன் ஆரம்ப வருஷங்களில் முக்கியமாகப் பந்து வீசினார் என்பதையும் உங்கள் பக்கமே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கணக்குப் பார்ப்பது என்று வந்துவிட்டால் முழுதாகப் பார்க்க வேண்டும். ரூத் ஆடிய காலத்தில், அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் கறுப்பினத்தவருக்கு இடமே கிடையாது. கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் உள்ளே வந்ததே 1947-இல்தான். சாட்செல் பேஜ் போன்ற கறுப்பினப் பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், தனி லீக்குகளில் ஒதுக்கப்பட்டுக் கிடந்தார்கள். ஒரு லீக் ஆட்டத்தில்கூட அந்தப் பிட்சர்களை ரூத் சந்திக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒதுக்கலை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை?

ஆரனும் கறுப்பினத்தவர், தென் மாநிலமான அலபாமாவின் மொபீலில் பிறந்தவர். 1952-இல் கறுப்பினத்தவரின் அணியான இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸில் ஆடினார். மறு வருஷம் ஜாக்சன்வில் அணிக்குப் போனபோது, கூட ஆடிய வெள்ளையர்கள் சாப்பிட்ட ஓட்டலில் அவர் சாப்பிட முடியாது, அவர்கள் தங்கிய இடத்தில் தங்க முடியாது.

இனி 1973-க்கு வருவோம். ஆரனுக்கு வயது 39. அந்த சீசனில் மட்டும் 40 ஹோம் ரன் அடித்தார். சீசன் முடிந்தபோது மொத்தம் 713. இன்னும் இரண்டு அடிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த வருஷம் அவருக்கு வந்த கடிதங்கள் சுமார் 9,30,000. வாழ்த்தியவர்கள் ஏராளம், மிரட்டல் விஷயம் வெளியே தெரிந்த பிறகு ஆதரவு இன்னும் பெருகியது. ஆனால் ஒரு வெள்ளையரின் சாதனையைத் தொட்டால் சுட்டுவிடுவோம் என்று எழுதியவர்களும் அதில் இருந்தார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளைக் கடத்தப்போவதாக மிரட்டல் வந்ததால் எஃப்.பி.ஐ. தலையிட வேண்டியதாயிற்று. அட்லாண்டா போலீஸ்காரர் கால்வின் வார்ட்லா அவருக்கு மெய்க்காவலராக நியமிக்கப்பட்டார். மட்டை பிடிக்கும் ஒவ்வொரு நாளும் இந்தப் பயத்தோடு களமிறங்குவதை எந்தப் புள்ளிவிவரப் பட்டியலில் எழுதுவது?

1974 ஏப்ரல் 4, சின்சினாட்டி. சீசனின் முதல் ஆட்டத்திலேயே 714. ஏப்ரல் 8 இரவு அட்லாண்டாவில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுடன் ஆட்டம். மைதானத்தில் 53,775 பேர். நான்காவது இன்னிங்ஸில் அல் டவுனிங் வீசிய பந்தை ஆரன் இடது-மையப் பக்கமாகத் தூக்கி அடித்தார். டாட்ஜர்ஸ் வீரர் பில் பக்னர் வேலியில் ஏறிப் பார்த்தார், எட்டவில்லை. வேலிக்குப் பின்னால் இருந்த, ஆரனின் அணியான பிரேவ்ஸின் பிட்சர் டாம் ஹவுஸ் அதைப் பிடித்துக்கொண்டு ஆரனிடம் ஓடினார்.

ஆரன் தளங்களைச் சுற்றி ஓடும்போது இரண்டு இளைஞர்கள் மைதானத்துக்குள் குதித்து அவருடன் ஓடினார்கள். பார்வையாளர் பகுதியில் இருந்த வார்ட்லாவின் பைனாகுலர் பைக்குள் துப்பாக்கி இருந்தது. சில விநாடிகளுக்குள் அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பையன்கள் ஆரனின் தோளைத் தட்டிக்கொடுக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று கணித்து, துப்பாக்கியை எடுக்காமல் விட்டார். அந்த நிதானத்துக்காகவே நான் அவரை மதிக்கிறேன். ஓட்டம் முடியும் இடமான ஹோம் பிளேட்டில் ஆரனின் அம்மா எஸ்டெல்லா மகனை இறுகக் கட்டிக்கொண்டார். வர்ணனையாளர் வின் ஸ்கல்லி கூட்டத்தின் ஆரவாரத்தை முதலில் கேட்க விட்டார். அப்புறம்தான், தென் மாநிலம் ஒன்றில் ஒரு கறுப்பினத்தவருக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவதைச் சுட்டிக்காட்டிப் பேசினார்.

இவ்வளவுக்கும், பேஸ்பால் ஆணையர் பவீ கூன் அன்று வரவில்லை. கிளீவ்லாந்தில் ஒரு விருந்துக்குப் போயிருந்தார். தனக்குப் பதிலாகத் தன் அலுவலகத்தைச் சேர்ந்த மான்டி இர்வினை அனுப்பினார். விளையாட்டின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அன்றைக்கு இருக்க வேண்டிய ஒரே இடம் அட்லாண்டாதான். கூனின் பெயர் சொல்லப்பட்டதும் கூட்டம் எதிர்த்துக் கூச்சலிட்டது சரியே.

நீங்கள் கேட்டதற்கே திரும்பி வருகிறேன். ஆரன் ஒரு சீசனில்கூட 50 ஹோம் ரன் அடித்ததில்லை. அவருடைய உச்சம் 47. அப்படியிருந்தும் 1976-இல் 755-இல் முடித்தார். 2007-இல் பேரி பாண்ட்ஸ் அதைத் தாண்டினார், அது பெரிய சர்ச்சையோடு வந்த சாதனை. சரி, ஹோம் ரன்களே வேண்டாம் என்று 755-ஐயும் கழித்துவிடுங்கள். அப்போதும் ஆரனின் பெயரில் 3,016 ஹிட்கள் (அடித்து ஒரு தளத்தையாவது எட்டிய அடிகள், ஹோம் ரன்னும் இதில் சேரும்) மிஞ்சும். ரூத்தின் மொத்த ஹிட்கள், ஹோம் ரன்களையும் சேர்த்தே, 2,873.