பவர் பட்டனும் பிள்ளையார் சுழியும்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்குப் போன வாரம் ஒரு குரல்பதிவு வந்தது. டிவி ரிமோட்டில் இருக்கும் பவர் குறி உண்மையில் ஆவுடையாரும் லிங்கமுமாம். ஓட்டோக்களில் ஒட்டும் சமாதானக் குறி தலைகீழாக உடைத்த சிலுவையாம். இவற்றின் உட்பொருளை வெள்ளைக்காரன் நமக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டானாம். ஒன்பதாம் ஆண்டு படிக்கும் என் மகள், "அப்ப புளூடூத் என்ன, முருகனின் வேலா அப்பா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள். பதிவை அனுப்பியவர் என் பெரியப்பா. எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, மறுக்கவும் தெரியவில்லை. இவை எங்கிருந்து வந்தவை? பிள்ளையார் சுழிக்கும் இப்படி மறைபொருள் உண்டா?

க., வெள்ளவத்தை

அன்புள்ள க.,

மகள் சிரித்தது சரி. பெரியப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து நீங்களும் சிரிக்கலாம்.

வீட்டில் மல்டி பிளக் இருந்தால் அதன் சுவிட்சைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் சின்னக் கோடு, மறுபக்கம் வட்டம். கோடு 1, கரண்ட் ஓடுகிறது. வட்டம் 0, நின்றுவிட்டது. எங்கோ ஒரு நாட்டில் செய்து கொழும்பிலும் கெய்ரோவிலும் விற்கிற சாமானில் 'ஒன்', 'ஓஃப்' என்று எத்தனை மொழியில் அச்சடிப்பது? அந்தத் தலையிடியைத் தீர்க்கத்தான் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு குறிகளுக்கு ஒரு பட்டியல் போட்டது. ரிமோட்டில் நீங்கள் பார்ப்பது அதில் 5009ஆம் இலக்கம்: வட்டத்தின் உச்சியைத் திறந்து கோட்டைச் செருகியிருக்கிறார்கள். முழுதாக அணையவில்லை, காத்திருக்கிறது என்பது அதன் பழைய பொருள். ரிமோட்டால் அணைத்த பிறகும் டிவியின் ஓரத்தில் சிவப்புப் பொட்டு எரிகிறதே, அதுதான் விஷயம். கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். இந்த உட்பொருள் தெரிந்தால் மாதக் கடைசியில் பில்லில் சில ரூபாயாவது மிஞ்சும். பெரியப்பாவின் உட்பொருளில் அந்த வசதி இல்லை.

புளூடூத் விஷயத்தில் மகள் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டாள். வேல் இல்லை, ஆனால் ஓர் அரசனின் பெயர். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டுக்கு 'நீலப்பல்' என்று பட்டப்பெயர். சொத்தைப் பல்லாக இருந்திருக்கும் என்கிறார்கள். சிதறிக் கிடந்தவர்களை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தவன் என்று பெயரெடுத்தவன். 1997இல் இன்டெல் நிறுவனத்தின் ஜிம் கார்டக், கணனியையும் கைத்தொலைபேசியையும் இணைக்கப்போகிற நுட்பத்துக்குத் தற்காலிகமாக இந்தப் பெயரைச் சொன்னார். நல்ல பெயர் பிறகு வைக்கலாம் என்று இருந்தார்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயரே பள்ளிக்கூட இடாப்பிலும் ஏறிய மாதிரி இதுவே நிலைத்துவிட்டது. குறியில் இருப்பது பழைய ஸ்கண்டிநேவிய எழுத்துகள் இரண்டு, ஹரால்டின் முதலெழுத்தும் நீலப்பல்லின் முதலெழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக. கலியாணத்துக்குக் கொடுத்த பித்தளைக் குடத்தின் கழுத்தில் நம் ஆட்கள் பெயரெழுத்து வெட்டுவார்களே, அந்த வேலைதான்.

சமாதானக் குறியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1958இல் பிரித்தானியாவில் அணுவாயுத எதிர்ப்பு ஊர்வலத்துக்காக ஜெரால்ட் ஹோல்டம் வரைந்தது. கப்பற்காரர் கையில் கொடி பிடித்து எழுத்துக் காட்டும் முறை ஒன்று உண்டு. அதில் இரண்டு கைகளையும் சரிவாகக் கீழே நீட்டினால் 'என்'. ஒரு கை நேரே மேலே, மற்றது நேரே கீழே என்றால் 'டி'. அணுவாயுதக் களைவு என்பதற்கு ஆங்கிலத்தில் வரும் இரண்டு முதலெழுத்துகள். இரண்டையும் சேர்த்து வட்டம் போட்டார். சிலுவைக் கதை பிறகு யாரோ கட்டியது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது அதுதான். மின்னஞ்சலில் வரும் @. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டைக் கணக்கில் வெங்காயம் வாங்கிப் பாருங்கள். காபன் தாள் வைத்து எழுதும் பில்லில் நிறை, அப்புறம் ஒரு @, அப்புறம் கிலோ விலை. 'இந்த விலைப்படி' என்று எழுத நேரமில்லாத வியாபாரிகளின் சுருக்கம். 1971இல் ரே டொம்லின்சன் ஒரு கணனியிலிருந்து இன்னொரு கணனிக்குக் கடிதம் அனுப்ப முயன்றபோது, ஆளின் பெயரையும் கணனியின் பெயரையும் பிரிக்க, யாருடைய பெயரிலும் வராத ஓர் அடையாளம் தேவைப்பட்டது. தட்டச்சுப் பலகையில் சும்மா கிடந்த இதை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

இனிப் பிள்ளையார் சுழி. ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணி ஓடுகிறதா, ஓலை கிழியாமல் தாங்குமா என்று பார்க்க ஒரு சுழியும் ஒரு கோடும் போட்டார்கள் என்று பெரியவர்கள் ஒரு விளக்கம் சொல்வார்கள். ஓங்காரத்தின் சுருக்கம் என்பாரும் உண்டு. என் மனம் ஓலைக் கதையின் பக்கம்தான் சாய்கிறது. கும்பிட்டுத் தொடங்குவதும் பேனையைச் சரிபார்ப்பதும் ஒரே கையசைவில் முடிவதை யோசித்துப் பாருங்கள். அதில் பக்திக்கு என்ன குறை?

அந்த வெள்ளைக்காரன் மறைத்த கதைதான் எனக்கு எரிச்சல். என் அப்பப்பா புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவருடைய பேரேடு ஒன்று என்னிடம் இருக்கிறது, கரப்பான் அரித்த சிவப்புத் துணி அட்டையோடு. பக்கத்தின் தலையில் உ. அதன் கீழே திகதி: ஆண்டின் பெயருக்குப் பிறகு ௵, மாதத்துக்குப் பிறகு ௴, நாளுக்குப் பிறகு ௳. கொடுத்தது ௶, வந்தது ௷. பத்தாம் வகுப்பில் அதைப் புரட்டியபோது ஏதோ மாந்திரீகச் சுவடி என்று நினைத்துப் பயந்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். இதில் யார் எதை மறைத்தார்கள்? இந்தக் குறிகள் 2003இலேயே யூனிகோடில், அதாவது கணனிகள் எழுத்துகளுக்கு வைத்திருக்கும் உலகப் பொதுப் பட்டியலில், ஏறிவிட்டன. நீங்கள் இதை வாசிக்கும் தொலைபேசியிலும் இருக்கும். நான்தான் அப்பப்பாவிடம் கேட்கவில்லை.

ஒரே ஆளின் பெயர் வரிசையாக வரும் இடங்களில் அப்பப்பா முதல் வரியில் மட்டும் பெயரை முழுதாக எழுதியிருக்கிறார். கீழே எல்லா வரியிலும் ௸. 'மேற்படி' என்று அர்த்தம். பெரியப்பாவிடம் இருந்து அடுத்த குரல்பதிவு வரும்போது மகளிடம் சொல்லி அதை மட்டும் பதிலாக அனுப்பச் சொல்லுங்கள். என்ன குறி என்று கேட்டு அவரே அழைப்பார்.