லிஃப்ட் பெல்ட்டும் சித்திரை வெயிலும்: வாசகர் கேள்விகள்

எங்கள் லிஃப்டில் கம்பிக் கயிறு இல்லை. கறுப்பாக, தட்டையாக ரப்பர் பட்டைதான் தொங்குகிறது. வெயிலில் உருகி அறுந்துவிடாதா? (தாம்பரம்)

அது ரப்பர் இல்லை, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். 3 செ.மீ. அகலப் பட்டைக்குள் 12 ஸ்டீல் புரிகள், ஒவ்வொரு புரியிலும் 50 கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையைத் தூக்குவது கம்பி. புல்லியைப் பிடிப்பது உறை. உறை உருக 180 டிகிரி போல வேண்டும், ஆனால் 80ஐத் தொட்டாலே இளக ஆரம்பிக்கும். சூட்டைக் கம்பி தாங்கும், உறைதான் தாங்காது. இதை எத்தனை தடவை எழுதிவிட்டேனோ!

கார்பன் ஃபைபர் 1000 டிகிரிக்கு மேல் தாங்குமே. அதில் பெல்ட் செய்தால் தீ விபத்திலும் லிஃப்டில் இறங்கலாமா? (பொறியியல் மாணவர், கோவை)

பொறியியல் மாணவர் கேட்கிற கேள்வியா இது? அந்த 1000 டிகிரி, காற்றில்லாத இடத்துக் கணக்கு. காற்றில் 500ஐ ஒட்டியே இழை எரியத் தொடங்கும். அதற்கு வெகு முன்பே, 120, 150 டிகிரியில், இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் எப்பாக்ஸி ரெசின் தளர்ந்துவிடும். 2013-இல் கோனே என்ற லிஃப்ட் நிறுவனம் கார்பன் கயிற்றை அறிமுகப்படுத்தியது எடைக்காக. ஸ்டீல் கயிறு 500 மீட்டருக்கு மேல் தன் பாரத்தையே தூக்கத் திணறும். கார்பனில் 1 கி.மீ. போகலாம் என்றார்கள். தீ என்றால் படிக்கட்டு.

கெவ்லார் பெல்ட் வாங்கி மாட்டிக்கொள்ளலாமா? (மதுரை)

கூடாது. குண்டு துளைக்காத உடையில் வைக்கிற இழைதான் கெவ்லார். அது உருகாது, 500 டிகிரி வாக்கில் கருகும், சரி. ஆனால் அதற்கும் பாலியூரித்தேன் உறைதான் போடுவார்கள். அப்புறம், பெல்ட்டும் புல்லியும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது.

நான்கு வருஷப் பெல்ட் பிசுபிசுவென்று இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், விரலில் கறுப்பு ஒட்டியது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். புறாத் தொல்லைக்காக ஷாஃப்ட் (லிஃப்ட் ஏறி இறங்கும் கூண்டு) உச்சியில் இருந்த திறப்பை அடைத்ததைத் தவிர நாங்கள் எதுவும் செய்யவில்லை. (அசோசியேஷன் செயலாளர், திருவான்மியூர்)

முதலில், ஷாஃப்ட்டுக்குள் யார் உங்களைக் கை விடச் சொன்னது? இனிமேல் செய்யாதீர்கள்.

‘எதுவும் செய்யவில்லை’யாம். காற்றுப் போகிற ஒரே வழியை அடைத்திருக்கிறீர்கள். மெஷின் ரூம் இல்லாத லிஃப்டில் மோட்டார், புல்லி எல்லாம் மொட்டை மாடித் தளத்துக்கு அடியில்தான். ஐரோப்பிய விதி ஈ.என். 81-20, மெஷின் இருக்கும் இடத்துக்குச் சொல்லும் உச்சம் 40 டிகிரி. போன மே மாதம் ஓர் அடுக்ககத்தில் இதே கதை. திறப்பில் தெர்மாகோலைச் செருகி, சுற்றிலும் பிரவுன் டேப் ஒட்டியிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே 54 டிகிரி. பெல்ட்டின் மேல் புரிகளின் வரிகள் விலா எலும்பு மாதிரி துருத்திக்கொண்டு தெரிந்தன. தெர்மாகோலைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வலை அடிக்க வைத்தேன். மறுவாரம் அதே நேரத்தில் 44. அதுவும் அதிகம்தான், ஆனால் பத்து டிகிரி இறங்கியது. செலவு இரண்டாயிரம்கூட இல்லை.

54 டிகிரியில் உறை இளகாதே என்பீர்கள். தனிச் சூட்டில் இளகாது. கடற்கரை ஈரமும் சேரும்போதுதான் வினை. பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேனை ஈரமும் சூடுமாகச் சேர்ந்து உள்ளிருந்தே சிதைக்கும். பாலிஈதர் வகை நின்று பிடிக்கும். புதுப் பெல்ட் எந்த வகை என்று எழுத்தில் கேளுங்கள். மெக்கானிக் சொல்வது சரி, எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஆனால் முதலில் அந்த அடைப்பை எடுத்துவிட்டு வலை போடுங்கள். இல்லாவிட்டால் புதுசுக்கும் அதே கதிதான்.

‘தீப்பிடிக்காத பெல்ட்’ என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். வெப்பத்துக்கும் நல்லதா? (சேலம்)

இரண்டும் வேறு வேறு. உறையில் மெலமின் சயனுரேட் மாதிரித் தீத்தடுப்புப் பொருள் ஒன்றைக் கலந்தால், நெருப்பை விலக்கியதும் அணைந்துவிடும். இளகும் சூடு அதே சூடுதான். சூட்டைக் கம்பி தாங்கும்... மீதியை நீங்களே சொல்லுங்கள்.

எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை பெல்ட் மாற்ற வேண்டும்? (ஊர் எழுதவில்லை)

எத்தனை மாடி, ஒரு நாளைக்கு எத்தனை ஓட்டம், என்ன மாடல், எதுவும் எழுதவில்லை. நான் ஜோசியன் இல்லை. புரிகளில் மின்சாரம் செலுத்தித் தடையை அளக்கும் கருவி உங்கள் லிஃப்டில் இருந்தால் அதன் பதிவைக் கேளுங்கள். கம்பி அறுந்தால் தடை ஏறும். பெல்ட்டின் மேல் செம்பொடி தெரிந்தால் உள்ளே துரு. அன்றைக்கே லிஃப்டை நிறுத்துங்கள்.

மெக்கானிக் ஒரு நாள்கூடப் பெல்ட்டுக்கு எண்ணெய் போட்டதில்லை. ஏமாற்றுகிறாரா? (ஈரோடு)

போடாதவரைக்கும் நல்ல மெக்கானிக். விட்டுவிடாதீர்கள்.