பகாவ் வாசகர் கேள்வி–பதில்: விவசாயப் படிப்பு

கேள்வி: நானும் கணவரும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறோம். எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த மகள் விவசாயம் படிக்க ஆசைப்படுகிறாள். "மறுபடியும் தோட்டத்துக்கா?" என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள், அம்மா. மண் பரிசோதனை, பயிர் நோய், விதை உற்பத்தி, உரப் பரிந்துரை எல்லாமே இந்தப் படிப்பில் வருகின்றன. வெயிலும் சேறும் இல்லாத படிப்பு என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். களப் பயிற்சி கட்டாயம் உண்டு. சிலாங்கூர் செர்டாங்கில் 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது 1971இல் பல்கலைக்கழகமாகி, 1997 முதல் புத்ரா பல்கலைக்கழகம் எனப்படுகிறது. அது ஒன்றுதான் வழி என்றில்லை. கிளந்தான் ஜெலி, திரெங்கானு பெசுட், சபா சண்டாக்கான் ஆகிய இடங்களிலும் அரசுப் பல்கலைக்கழகங்களின் விவசாயப் பிரிவுகள் இயங்குகின்றன. பட்டப்படிப்புக்குப் போக ஆறாம் படிவம், மெட்ரிகுலேசன், டிப்ளோமா எனப் பல பாதைகள் உண்டு. மலாய்மொழியில் கிரெடிட்டும் (சாதாரணத் தேர்ச்சிக்கு மேலான நிலை) வரலாற்றில் தேர்ச்சியும் இருக்கிறதா என்று சான்றிதழில் முதலில் பாருங்கள். இந்த இரண்டும் இல்லாமல் மற்றப் பாடங்களில் எத்தனை 'ஏ' இருந்தாலும் பல்கலைக்கழக விண்ணப்பம் நகராது.

கேள்வி: எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) அறிவியல் பிரிவு மாணவி நான். சராசரிப் புள்ளி 3.25 வரும்போல் இருக்கிறது. செர்டாங்கில் இடம் கிடைக்குமா?

பதில்: ஒவ்வோர் ஆண்டும் போட்டி மாறுவதால் 'கிடைக்கும்' என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மெரிட்டை, அதாவது இடம் ஒதுக்கப் பார்க்கும் தகுதிப் புள்ளியை, நீங்களே கணக்கிடலாம். சராசரிப் புள்ளியை 4.00ஆல் வகுத்து 90ஆல் பெருக்குங்கள்: 3.25க்கு 73.13 வரும். மீதி 10 புள்ளி புறப்பாட நடவடிக்கைகளுக்கு. அதில் 5 பெற்றவருக்கு மெரிட் 78.13; 9 பெற்றவருக்கு 82.13. இந்த 4 புள்ளி வித்தியாசத்தைப் பாடத்தில் ஈடுகட்ட, சராசரியை ஏறக்குறைய 0.18 உயர்த்த வேண்டும். எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும். நம் பிள்ளைகள் பலர் புறப்பாடத்தை அலட்சியம் செய்து இந்த இடத்தில்தான் பின்தங்குகிறார்கள் என்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம். சங்கப் பொறுப்பு, போட்டிச் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே பள்ளியில் பதியச் சொல்லுங்கள்.

மூயெட் எனும் ஆங்கில மொழித் தேர்வைக் கடைசித் தவணைக்குத் தள்ளாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான உபுவில் விவசாய அறிவியல், தோட்டக்கலை, வேளாண் வணிகம் என ஒவ்வொரு படிப்புக்கும் தனி நிபந்தனை உண்டு. அது பொருந்தாத படிப்பைத் தேர்ந்தால் அந்த வாய்ப்பு வீண். இடம் கிடைத்தபின் குறித்த நாளுக்குள் 'ஏற்கிறேன்' என்று பதியாவிட்டால் இடம் போய்விடும்.

கேள்வி: டிப்ளோமா மாணவன். தோட்டத்தில் பயிற்சிக்கு வந்திருக்கிறேன். சத்துப் பரிசோதனைக்காகச் செம்பனையில் 17ஆவது மட்டையிலிருந்து இலை எடுக்கச் சொன்னார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: குருத்துக்கு அடுத்து, அடிவரை சிற்றிலைகள் முழுதாகப் பிரிந்த மட்டைதான் 1. அதிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொன்றாக எண்ணத் தேவையில்லை, தம்பி. மட்டைகள் சுருளாக அமைவதால் 1க்குக் கீழே ஏறக்குறைய அதே வரிசையில் 9 இருக்கும், அதற்கும் கீழே 17. சில மரங்களில் சுருள் இடப்பக்கம் சாயும், சிலவற்றில் வலப்பக்கம். அதை முதலில் பார்த்துக்கொண்டால் தடுமாற்றம் இராது.

மட்டையின் நடுப்பகுதியில் இரு பக்கமும் ஆறு ஆறு சிற்றிலைகள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் 20 செ.மீ. அளவு வெட்டி, ஈர்க்கை உரித்தெடுத்துவிட்டு, சுமார் 70 டிகிரி செல்சியசில் உலர்த்துங்கள். காலையில், நண்பகலுக்கு முன் எடுப்பது நல்லது. கனமழை பெய்துகொண்டிருக்கும்போது வேண்டாம். உரம் போட்டிருந்தால் 2, 3 மாதம் கழியட்டும். சாலையோர மரம், நோயுற்ற மரம் இரண்டையும் ஒதுக்குங்கள்.

மட்டை மாறினால் என்ன என்று கேட்கலாம். மட்டை முதிர முதிர அதில் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் குறையும், சுண்ணாம்புச் சத்து கூடும். 25ஆவது மட்டையை 17 என்று எடுத்தால், நன்றாக இருக்கும் மரத்துக்கும் பசி என்று ஆய்வுக்கூட அறிக்கை சொல்லும். அதை நம்பித் தேவையில்லாத உரத்துக்குப் பணம் போகும். பத்து வரிசைக்கு ஒரு வரிசை, அதில் பத்து மரத்துக்கு ஒரு மரம் என்பது பரவலான முறை. எடுத்த மரத்தில் சாயத்தால் அடையாளமிடுங்கள். அடுத்த ஆண்டும் அதே மரத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.