சிக்னல் இல்லாத ஊரில் கடவுச்சொல்லை எங்கே வைப்பது? – கேள்வி பதில்

இணையம் இல்லாதபோதும் பதிவு செய்து, பின்னர் சர்வரோடு சிங்க் செய்யும் செயலிகளைப் பற்றி நம் நெல்லைச் சீமை நண்பர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி (முக்கூடல்): பெண்கள் வீட்டில் சுற்றிக் கொண்டுவரும் பீடியைக் கடையில் கணக்கேற்றும் ஆண்ட்ராய்டு செயலி என்னுடையது. சிக்னல் வந்ததும் தானாக அனுப்ப வேண்டுமென்று கணக்கரின் கடவுச்சொல்லை ஷேர்டு பிரிஃபரன்ஸில் (செயலி தன் சிறு விவரங்களைச் சேமிக்கும் இடம்) வைத்திருக்கிறேன். ஆபத்து உண்டா அண்ணாச்சி?

பதில்: உண்டு தம்பி. அது வெறும் எக்ஸ்.எம்.எல். கோப்பு. ரூட் செய்த (எல்லாக் கோப்பையும் திறக்க முழு அனுமதி பெற்ற) பழைய போன் ஒன்றில் இப்படிப்பட்ட செயலியின் கோப்பை நான் திறந்து பார்த்தபோது, மூன்றாவது வரியிலேயே கடவுச்சொல் ஓர் எழுத்தும் மறையாமல் நின்றது. சிங்க் செய்வதற்குக் கடவுச்சொல் தேவையே இல்லை. இணையம் இருக்கும்போது ஒருமுறை உள்நுழையச் செய்து, கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சர்வர் தரும் அனுமதிச் சீட்டுகளை, அதாவது சில நிமிடங்களே செல்லுபடியாகும் அக்செஸ் டோக்கனையும் அதைப் புதுப்பிக்கும் ரிஃப்ரெஷ் டோக்கனையும் பெற்றுக்கொண்டு, கடவுச்சொல்லை எங்கும் எழுதாமல் விட்டுவிடுங்கள். செயலிகளுக்கு அனுமதி வழங்குவதற்காக 2012இல் வெளியான ஓஆத் 2.0 வரையறை சொல்லும் வழி இதுதான். டோக்கன் திருடுபோனால் அந்த ஒரு போனின் அனுமதியை மட்டும் ரத்து செய்யலாம். கடவுச்சொல் போனால், அதையே வேறெங்கெல்லாம் அவர் வைத்திருக்கிறாரோ அத்தனையும் போகும்.

கேள்வி (வள்ளியூர்): டோக்கனைக் குறியாக்கம் செய்தால், அதைத் திறக்கும் சாவியை நிரலுக்குள் வைக்கலாமா?

பதில்: கூடாது. வீட்டைப் பூட்டிச் சாவியை வாசல் நிலையில் வைத்துவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போவதைப் போன்றது அது, செயலியை நிறுவப் பயன்படும் ஏ.பி.கே. கோப்பை யாரும் பிரித்துப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு 6.0 முதல், சாவிகளைக் காக்கும் பெட்டகமான கீஸ்டோருக்குள்ளேயே ஏ.ஈ.எஸ். குறியாக்கச் சாவியை உருவாக்க முடிகிறது. பெரும்பாலான போன்களில் அது பாதுகாப்பு வன்பொருளுக்குள் இருப்பதால் செயலியின் கைக்கே வராது. ஐபோனில் அப்படிப்பட்ட பெட்டகமாகக் கீசெயின் இருக்கிறது. பின்னணியில் சிங்க் நடக்க வேண்டுமானால், 'முதல் திறப்புக்குப் பின் (போனை இயக்கி ஒருமுறை பூட்டைத் திறந்தபின்), இக்கருவியில் மட்டும்' என்னும் அணுகல் வகையைத் தேர்ந்தெடுங்கள். குறியாக்கத்தோடு சேமிக்கப் பலர் பயன்படுத்திவந்த என்கிரிப்டட் ஷேர்டு பிரிஃபரன்ஸஸை 2025இல் கூகுள் கைவிட்டுவிட்டதால், புதிய செயலியை அதன்மேல் கட்ட வேண்டாம்.

பேக்கப்பையும் கவனியுங்கள். குறியாக்கிய கோப்பு பேக்கப் வழியாகப் புதுப் போனுக்குப் போகும். கீஸ்டோர் சாவி போகாது, அங்கே அதைத் திறக்க முடியாது. ஆகவே அந்தக் கோப்பைப் பேக்கப்பிலிருந்து விலக்குங்கள்.

கேள்வி (சேரன்மகாதேவி): எங்கள் பால் சங்கத்தில் காலையும் மாலையும் வெவ்வேறு பணியாளர்கள் ஒரே போனில் பால் அளவைப் பதிகிறார்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு இலக்கப் பின் எண் கொடுத்து, ஊகிப்பதை மெதுவாக்கும் பி.பி.கே.டி.எஃப்.2 முறையில் 6,00,000 சுற்று ஹாஷ் செய்து (திரும்ப மீட்க முடியாதபடி உருமாற்றி) வைத்தால் போதுமா?

பதில்: போதாது. நான்கு இலக்கத்தில் மொத்தம் 10,000 எண்களே உண்டு. ஒரு முயற்சிக்கு அரை நொடி ஆகுமென்றாலும் 5,000 நொடியில், அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குள், எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம். கோப்பு திருடனின் கணினிக்குப் போய்விட்டால் நீங்கள் வைத்த 'ஐந்து முறைக்கு மேல் பூட்டு' விதி அங்கே செல்லாது. எனவே பின் எண்ணை மட்டும் நம்பாமல், அதிலிருந்து பெறும் சாவியோடு கீஸ்டோர் சாவியையும் சேர்த்தே தரவுத்தளத்தின் சாவியைத் திறக்கும்படி அமையுங்கள். அப்போது கோப்பை மட்டும் எடுத்துச் செல்பவரால் ஒரு முறைகூட ஊகித்துப் பார்க்க முடியாது. எண்ணை ஆறு இலக்கமாக்குங்கள். ஒவ்வொரு பணியாளருக்கும் தனி டோக்கன் வேண்டும். காலையில் பதிந்தவரின் கணக்கு மாலைக்காரர் பெயரில் ஏறினால், அளவில் தகராறு வரும்போது யாரிடம் கேட்பது?

கேள்வி (பணகுடி): காற்றாலைப் பராமரிப்பு ஊழியரின் போன் பேருந்தில் தொலைந்துவிட்டது. தொலைவிலிருந்து அழிக்க இயலுமா?

பதில்: போன் இணையத்துக்கு வந்தால்தான் அழிக்கும் கட்டளை சேரும். முதலில் சர்வரில் டோக்கனை ரத்து செய்யுங்கள்.

கேள்வி (பாபநாசம்): காரையாறு காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளில் உடல்நலக் கணக்கெடுப்பு செய்கிறோம். ஐந்தாறு நாள் கழித்து இறங்கி வரும்போது டோக்கன் காலாவதியாகி, செயலி வெளியேற்றிவிடுகிறது, பதிவுகளும் அழிந்துபோகின்றன.

பதில்: உள்நுழைவு முடிவது வேறு, பதிவுகள் இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதுதான் பிழை. ஒரு தாயின் இரத்த அழுத்தத்தை மலையேறிப் போய்க் குறித்துவந்தவரின் உழைப்பை ஒரு காலாவதித் தேதி அழிக்கக் கூடாது. அனுப்பப்படாதவை குறியாக்கத்தோடு வரிசையில் காத்திருக்கட்டும். அதே பயனர் மீண்டும் உள்நுழைந்ததும் செல்லட்டும். ரிஃப்ரெஷ் டோக்கனின் ஆயுளை உங்கள் பயண நாள்களைவிடக் கூடுதலாக வையுங்கள்.

இன்னொன்று உங்கள் பாதையிலேயே நேரும். ஒவ்வொரு முறையும் ரிஃப்ரெஷ் டோக்கனை மாற்றித் தரும் சர்வர், புதியதை அனுப்பிய நொடியில் சிக்னல் அறுந்தால், பழையது செல்லாது, புதியதும் கையில் இல்லை என்ற நிலை வரும். பழையதை ஓரிரு நிமிடம் ஏற்றுக்கொள்ளும்படி சர்வரை அமையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி அடையாள எண் இட்டுவிட்டால், பாதியில் அறுந்து மறுபடி அனுப்பினாலும் ஒரே தாய் பட்டியலில் இருமுறை ஏறமாட்டார்.