டிராகன் ஏஜ் என்ற கணினி விளையாட்டில் மந்திரவாதிகளை எல்லாம் சட்டம் போட்டுக் கோபுரத்தில் அடைத்து வைப்பது நியாயமா?

நியாயமில்லை என்பேன். ஆபத்து உண்மைதான்; மந்திரசக்தி உள்ளவருக்குள் பேய் புகுந்தால் ஓர் ஊரே அழியும். 2009இல் வந்த முதல் பாகத்தில் ரெட்கிளிஃப் ஊர் அப்படித்தான் சீரழிகிறது. ஆனால் அந்தக் கதையை உன்னிப்பாகப் பாருங்கள். கானர் மந்திரசக்தி உள்ள சின்னப் பிள்ளை. விஷயம் தெரிந்தால் பிள்ளையைக் கோபுரத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று தாய் இசோல்ட் அவனை ஒளித்து வைக்கிறாள், களவாக ஓர் ஆசிரியரையும் பிடிக்கிறாள். ஆசிரியராக வந்த ஜோவன் கோபுரத்திலிருந்து தப்பியோடிய ஆள். அவன் கானரின் தகப்பனுக்கே நஞ்சு வைக்கிறான். தகப்பனைக் காப்பாற்றத்தான் பிள்ளை பேயோடு ஒப்பந்தம் செய்கிறான். அந்தச் சட்டத்துக்குப் பயந்திராவிட்டால் இசோல்ட் நல்ல ஆசிரியரிடமே விட்டிருப்பாள்.

கோபுரக் காவலர்களான டெம்ப்ளர்கள், தப்பினால் தேடிப்பிடிக்க, ஒவ்வொரு மந்திரவாதியின் இரத்தத்தையும் குப்பியில் எடுத்து வைக்கிறார்கள். கனவையும் உணர்ச்சியையும் பறிக்கும் சடங்கும் உண்டு. அதைத் தண்டனையாகக்கூட ஏற்கமாட்டேன்.

மறுபக்கம், மந்திரவாதிகள் ஆளும் டெவின்டர் நாட்டில் அடிமைகள் இருக்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் ஆண்டர்ஸ் என்ற மந்திரவாதி தேவாலயத்தைத் தகர்ப்பதும் கொலைதான். ஆகவே கட்டுப்பாடு வேண்டும்.

கிளிநொச்சியில் எங்கள் பொடியங்களுக்குள் இந்த வாதம் சூடாகவே போகும். அதே 2009இல் போரில் இடம்பெயர்ந்த வன்னிச் சனம் மெனிக் பாம் முகாமில் முள்கம்பிக்குள் இருந்தது. சிலர்மேல் சந்தேகம் என்று எல்லோரையும் அடைப்பதை இங்கே யாரும் லேசாக எடுக்கமாட்டார்கள்.

குற்றம் செய்தவரைப் பிடிக்கட்டும். மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கட்டும், தாய் தகப்பன் வந்து பார்க்கட்டும், படித்து முடிந்ததும் வீட்டுக்குப் போகட்டும்.